காலி நாற்காலி: டி கோலும் ஹால்ஸ்டைனும் மோதிக்கொண்ட ஏழு மாதம்

கொஞ்சம் நீளமான பதிவு. சாவகாசமாகப் படியுங்கள்.

என்னிடம் படித்த ஒருவர் இப்போது வங்கியில் வேலை பார்க்கிறார். சென்ற வாரம் போனில் பேசும்போது கேட்டார்: “ஐயா, ஐரோப்பிய ஒன்றியத்தில் 27 நாடு இருக்கு. ஒவ்வொரு நாட்டிலும் ஜனங்க ஓட்டுப் போட்டு வந்த தலைவர் இருக்கார். அப்புறம் பிரஸ்ஸல்ஸில் உட்கார்ந்திருக்கிற ஆணையம் எப்படி அவங்களுக்குச் சட்டம் சொல்லுது? அவங்க ஏன் கேட்டுக்கிறாங்க?”

நல்ல கேள்வி. அறுபது வருடத்துக்கு முன்னால் இதே கேள்வியை உலகமே பார்க்கும்படி கேட்ட ஒருவர் உண்டு. பிரான்ஸ் ஜனாதிபதி சார்லஸ் டி கோல். கேட்டதோடு அவர் நிற்கவில்லை. 1965 ஜூலையில் பிரஸ்ஸல்ஸில் இருந்த தன் நாட்டுப் பிரதிநிதியைத் திரும்ப வரச் சொல்லிவிட்டார். அமைச்சர்கள் கூடும் மேஜையில் பிரான்ஸின் இடம் ஏழு மாதம் காலியாகக் கிடந்தது. ‘காலி நாற்காலி நெருக்கடி’ என்றே இதற்கு வரலாற்றில் பெயர். நம் பள்ளிப் பாடத்தில் ஐரோப்பிய ஒன்றியம் பற்றி ஒரு சிறு பகுதி வரும், ஒப்பந்தம் கையெழுத்தான ஊரும் வருடமும் வரும், இந்தச் சண்டை வராது. எனக்கென்னவோ இதைத் தெரிந்துகொண்டால்தான் அந்த ஒப்பந்தங்களே புரியும் என்று தோன்றுகிறது.

முதலில் பின்னணி, சுருக்கமாக. இரண்டாம் உலகப்போர் முடிந்து ஐந்து வருடம். 1950 மே 9 அன்று பிரான்ஸின் வெளியுறவு அமைச்சர் ராபர்ட் ஷூமன் ஒரு அறிவிப்புச் செய்தார். பிரான்ஸ், ஜெர்மனி இரண்டின் நிலக்கரியையும் எஃகையும் ஒரே பொது அதிகாரத்தின் கீழ் வைப்போம், விரும்பும் மற்ற நாடுகளும் சேரலாம் என்றார். நிலக்கரியும் எஃகும் இல்லாமல் பீரங்கி செய்ய முடியாது. அதைப் பொதுவில் வைத்துவிட்டால் ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவர் போருக்குத் தயாராக முடியாது. யோசனை ஷூமனுடையது அல்ல, பின்னால் இருந்தவர் ழான் மொனே. பிரான்ஸ், மேற்கு ஜெர்மனி, இத்தாலி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் ஆகிய ஆறு நாடுகள் 1951இல் கையெழுத்திட்டன. 1957 மார்ச் 25 அன்று அதே ஆறு பேர் ரோமில் கூடி, எல்லாப் பொருளுக்கும் பொதுச் சந்தை என்று ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தை உண்டாக்கினார்கள்.

இதன் அமைப்பை இங்கே கவனிக்க வேண்டும். இரண்டு பேர் முக்கியம். ஒன்று, ஆறு நாட்டு அமைச்சர்களும் கூடும் அமைச்சர் குழு. இவர்கள் அவரவர் நாட்டுக்காகப் பேசுவார்கள். இரண்டு, ஆணையம். இதில் இருப்பவர்களை நாடுகள்தான் நியமிக்கின்றன. ஆனால் பதவியேற்ற பிறகு எந்த நாட்டு உத்தரவையும் அவர்கள் கேட்கக் கூடாது, ஐரோப்பா முழுவதற்கும் பொதுவாக நடக்க வேண்டும். முன்மொழிவைக் கொண்டுவரும் உரிமை ஆணையத்துக்கு மட்டுமே. அமைச்சர் குழு அதை ஏற்கலாம், மறுக்கலாம். ஒரு எழுத்தை மாற்ற வேண்டுமென்றால் ஆறு பேரும் ஒருமனதாக மாற்ற வேண்டும். சாதாரண அதிகாரம் இல்லை இது. பேனா யார் கையில் இருக்கிறதோ அவர் கை ஓங்கும் என்பது அலுவலகத்தில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும்.

அந்தப் பேனாவை முதலில் பிடித்தவர் வால்டர் ஹால்ஸ்டைன். ஜெர்மானியர், சட்டப் பேராசிரியர், கல்யாணம் செய்துகொள்ளாதவர். 1958 முதல் ஆணையத்தின் தலைவர்.

இரண்டு பேருடைய பழைய கதையையும் படித்தபோது ஒரு ஒற்றுமை கண்ணில் பட்டது. இருவருமே போர்க்கைதியாக இருந்தவர்கள். முதல் உலகப்போரில் 1916இல் வெர்டன் அருகே ஜெர்மானியரிடம் பிடிபட்ட டி கோல், போர் முடியும்வரை சிறையில் இருந்தார். ஐந்து முறை தப்பிக்க முயன்று ஐந்து முறையும் அகப்பட்டுக்கொண்டார். ஹால்ஸ்டைன் 1944இல் பிரான்ஸின் செர்பூர்க் துறைமுகத்தில் அமெரிக்கரிடம் பிடிபட்டார். அமெரிக்காவில் மிஸிஸிப்பி மாநிலத்து முகாமுக்குக் கொண்டு போனார்கள். அங்கே அவர் தப்பிக்கப் பார்க்கவில்லை. உடனிருந்த கைதிகளுக்குப் பாடம் நடத்த முகாமுக்குள்ளேயே ஒரு பல்கலைக்கழகம் மாதிரி ஏற்படுத்தினார்! ஒருவர் வேலியைத் தாண்டப் பார்த்தார், இன்னொருவர் வேலிக்குள்ளே நிறுவனம் கட்டினார். இருவரும் பிற்பாடு நடந்துகொண்ட விதமும் ஏறக்குறைய இப்படித்தான்.

டி கோல் ஐரோப்பாவுக்கு விரோதி என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். அது சரியில்லை. 1940 ஜூனில் பிரான்ஸ் விழப்போகும் நேரத்தில், பிரான்ஸும் பிரிட்டனும் ஒரே நாடாகச் சேர்ந்துவிடலாம் என்று ஒரு திட்டம் லண்டனில் எழுதப்பட்டது. எழுதியவர்களில் முக்கியமானவர் இதே மொனே. அதை லண்டனிலிருந்து தொலைபேசியில் பிரெஞ்சுப் பிரதமருக்கு வாசித்துக் காட்டியவர் யார் தெரியுமா? டி கோல். நாடு பிழைக்க வேண்டுமென்றால் அவ்வளவு தூரம் போகத் தயாராக இருந்தவர்தான்.

1958இல் அவர் மறுபடி ஆட்சிக்கு வந்தபோது, ரோம் ஒப்பந்தத்தைக் கிழித்துப் போடுவார் என்று பலர் எதிர்பார்த்தார்கள். அவர் கிழிக்கவில்லை. காரணம் கோதுமை.

அன்றைய பிரான்ஸ் விவசாய நாடு. தன் தேவைக்கு மேல் விளைவித்தது. ஜெர்மனி தொழில் நாடு, தானியம் வெளியிலிருந்து வாங்கியது. பொதுச் சந்தை வந்தால் ஜெர்மனியின் இயந்திரங்கள் பிரான்ஸுக்குள் தடையில்லாமல் வரும். பதிலுக்கு பிரெஞ்சு விவசாயிக்கு என்ன கிடைக்கும்? அதற்குத்தான் பொது விவசாயக் கொள்கை. நம்மூரில் நெல்லுக்குக் குறைந்தபட்ச ஆதரவு விலை அறிவித்துக் கொள்முதல் நிலையத்தில் எடுப்பதை நினைத்துக்கொள்ளுங்கள், கிட்டத்தட்ட அதுதான், ஆனால் ஆறு நாட்டுக்கும் சேர்த்து. தானியத்துக்கு ஒரு விலை நிர்ணயம். விலை அதற்குக் கீழே இறங்கினால் பொது நிதியிலிருந்து வாங்கி வைப்பார்கள். அமெரிக்கக் கோதுமை மலிவாக வந்து இறங்கினால் அந்த வித்தியாசத்தைத் துறைமுகத்தில் தீர்வையாக வசூலித்துவிடுவார்கள். மிஞ்சியதை வெளிநாட்டுக்கு விற்க மானியமும் உண்டு. இதில் அதிக லாபம் பிரான்ஸுக்கு. அதிகச் செலவு ஜெர்மனிக்கு.

இதற்கான பேச்சுவார்த்தை லேசில் முடியவில்லை. 1961 டிசம்பர் 31க்குள் முதல் கட்ட உடன்பாடு எட்ட வேண்டும் என்று கெடு. எட்ட முடியவில்லை. என்ன செய்தார்கள் தெரியுமா? நள்ளிரவில் கடிகாரத்தை நிறுத்திவிட்டார்கள்! கணக்குப்படி இன்னும் டிசம்பர் 31 என்று வைத்துக்கொண்டு ஜனவரி 14 வரை பேசி முடித்தார்கள். சிரிப்பாக இருந்தாலும், சேர்ந்து இருக்க வேண்டும் என்ற எண்ணம் இருந்தால் எப்படியெல்லாம் வழி கண்டுபிடிக்கிறார்கள் பாருங்கள்.

அந்த உடன்பாட்டின் பண ஏற்பாடு 1965 ஜூன் 30 வரைதான் செல்லும். அதற்குப் பிறகு எப்படி என்று முடிவு செய்ய வேண்டும். முன்மொழிவு தயாரிப்பது ஆணையத்தின் வேலை. ஹால்ஸ்டைனும் விவசாயப் பொறுப்பில் இருந்த டச்சுக்காரர் மான்ஷோல்ட்டும் சேர்ந்து ஒரு திட்டம் போட்டார்கள். மூன்று சங்கதிகளை ஒரே மூட்டையாகக் கட்டினார்கள்.

விவசாய நிதி தொடரும். இது பிரான்ஸுக்கு வேண்டியது. அந்த நிதிக்கு இனிமேல் நாடுகள் ஆளுக்கு இவ்வளவு என்று பங்கு கட்ட வேண்டாம், துறைமுகங்களில் வசூலாகும் தீர்வையும் சுங்க வரியும் படிப்படியாக நேரே பிரஸ்ஸல்ஸுக்கு வந்துவிடும். இது ஆணையத்துக்கு வேண்டியது. மூன்றாவது, அந்தப் பணத்தைச் செலவு செய்வதில் ஸ்ட்ராஸ்பூர்க்கில் கூடும் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கும் அதிகாரம் தர வேண்டும். இது நெதர்லாந்து போன்றவர்களுக்கு வேண்டியது.

இதில் நியாயம் இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ராட்டர்டாம் துறைமுகத்தில் இறங்கும் சரக்கில் பெரும்பங்கு ஜெர்மனிக்குப் போகிறது. சுங்கம் மட்டும் நெதர்லாந்து கஜானாவில் விழுகிறது. பொதுச் சந்தை என்றால் அது பொதுப் பணம்தானே? சரி, அந்தப் பணம் பிரஸ்ஸல்ஸுக்குப் போய்விட்டால் டச்சு நாடாளுமன்றம் அதைப் பற்றிக் கேள்வி கேட்க முடியாது, பிரெஞ்சு நாடாளுமன்றமும் முடியாது. அப்போது யாராவது ஒருவர் கணக்குக் கேட்க வேண்டாமா? ஜனங்களின் வரிப்பணத்துக்கு ஜனப் பிரதிநிதிகள் கணக்குக் கேட்பது ஜனநாயகத்தின் அரிச்சுவடி. ஆனால் அன்றைய ஐரோப்பிய நாடாளுமன்றத்தின் 142 உறுப்பினர்களில் ஒருவரைக்கூட மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கவில்லை. அந்தந்த நாட்டு நாடாளுமன்றங்கள் அனுப்பியவர்கள் அவர்கள். இந்த ஓட்டையை டி கோல் விடுவாரா?

ஹால்ஸ்டைன் போட்ட கணக்கு இது: பிரான்ஸுக்கு விவசாயப் பணம் அவசியம். டிசம்பரில் பிரான்ஸில் ஜனாதிபதித் தேர்தல். விவசாயிகளைப் பகைத்துக்கொள்ள டி கோலால் முடியாது. ஆகவே முணுமுணுத்துக்கொண்டே மூட்டை முழுவதையும் வாங்கிக்கொள்வார். ஆணையத்துக்குள்ளேயே பிரெஞ்சு உறுப்பினர் ராபர்ட் மார்ஜொலான், இது நடக்காது என்று எச்சரித்தார். டி கோலை நெருக்கிப் பிடித்து எதையும் வாங்க முடியாது என்பது அவருக்குத் தெரியும். அவர் பேச்சு எடுபடவில்லை.

எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றிய மாதிரி இன்னொரு காரியமும் நடந்தது. முறைப்படி அரசாங்கங்களிடம் கொடுப்பதற்கு முன்பே, 1965 மார்ச் 24 அன்று ஹால்ஸ்டைன் இந்தத் திட்டத்தை ஸ்ட்ராஸ்பூர்க் நாடாளுமன்றத்தில் வெளியிட்டார். ஆறு நாட்டு அரசாங்கங்களை விட்டுவிட்டு, தேர்ந்தெடுக்கப்படாத ஒரு சபையிடம் முதலில் போய்ச் சொல்கிறாரே என்று பாரிஸில் கொதித்தார்கள். ஏற்கெனவே டி கோலுக்கு ஒரு உறுத்தல் உண்டு. வெளிநாட்டுத் தூதர்கள் பிரஸ்ஸல்ஸ் வந்தால் நாட்டுத் தலைவரிடம் கொடுப்பதுபோல நியமனப் பத்திரத்தை ஹால்ஸ்டைனிடம் கொடுப்பார்கள். சம்பிரதாய உடை, சிவப்புக் கம்பளம் எல்லாம் உண்டு. நமக்கு அற்பமாகத் தெரியும். இறையாண்மை என்பது பாதி இந்தச் சடங்குகளில்தான் இருக்கிறது என்று டி கோல் நினைத்தார். எனக்கும் அவர் சொல்வது முழுக்கத் தவறென்று படவில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு பெரிய விஷயம் காத்திருந்தது. ரோம் ஒப்பந்தப்படி 1966 ஜனவரி 1 முதல், அதுவரை ஒருமனதாக எடுத்துவந்த பல முடிவுகளைப் பெரும்பான்மை ஓட்டில் எடுக்கலாம்.

இங்கே ஒரு சின்ன கணக்கு. பிரான்ஸ், ஜெர்மனி, இத்தாலிக்குத் தலா 4 ஓட்டு. பெல்ஜியம், நெதர்லாந்துக்குத் தலா 2. லக்ஸம்பர்க்குக்கு 1. மொத்தம் 17. ஆணையம் முன்மொழிந்த ஒன்று நிறைவேற 12 போதும். பிரான்ஸ் எதிர்த்தாலும் மற்ற ஐந்து பேரிடம் 13 இருக்கிறது. அதாவது கோதுமை விலையைக் குறைக்கலாம் என்று ஆணையம் எழுதி, ஐந்து பேர் கை தூக்கினால், பிரெஞ்சு விவசாயி அதற்குக் கட்டுப்பட வேண்டும். அந்த விவசாயி ஓட்டுப் போட்ட ஜனாதிபதி பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். டி கோலின் பயம் வெறும் கௌரவப் பிரச்சினை இல்லை என்பது இந்தக் கூட்டல் கழித்தலிலேயே தெரிகிறது.

(கணக்கு ஆசிரியர்களுக்கு ஒரு புதிர்: லக்ஸம்பர்க்கின் அந்த 1 ஓட்டு எப்போதாவது முடிவை மாற்றுமா? மற்ற எல்லார் ஓட்டும் இரட்டை எண், தேவையும் இரட்டை எண். அவர்கள் கூட்டினால் 10 வரும் அல்லது 12 வரும், 11 வரவே வராது. ஒப்பந்தம் எழுதிய மேதைகள் இதைக் கவனித்தார்களா என்று நான் யோசித்ததுண்டு.)

1965 ஜூன் 28 அன்று அமைச்சர் குழு பிரஸ்ஸல்ஸில் கூடியது. அந்த ஆறு மாதம் தலைமை பிரான்ஸின் முறை. தலைமை நாற்காலியில் பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் கூவ் த முர்வில். ஜூன் 30 நள்ளிரவு கடந்தது. மற்றவர்கள், இன்னும் பேசலாம், முன்பு செய்தமாதிரி கடிகாரத்தை நிறுத்திவைக்கலாம் என்றார்கள். கூவ் இந்த முறை ஒப்பவில்லை. கெடு முடிந்தது, உடன்பாடு இல்லை என்று அறிவித்து அதிகாலை இரண்டு மணிவாக்கில் கூட்டத்தை முடித்தார். சில நாளில் பிரான்ஸின் நிரந்தரப் பிரதிநிதி பிரஸ்ஸல்ஸை விட்டுப் புறப்பட்டார்.

செப்டம்பர் 9 அன்று டி கோல் பத்திரிகையாளர் கூட்டம் நடத்தினார். அவருடைய பத்திரிகையாளர் கூட்டம் என்றால் நாடகம் போல இருக்கும், நூற்றுக்கணக்கான பேர் உட்கார்ந்திருப்பார்கள். அதில் ஆணையத்தை, எந்த நாட்டையும் சேராத, யாருக்கும் பதில் சொல்லக் கடமைப்படாத நிபுணர் கூட்டம் என்று சாடினார். விவசாய நிதி என்ற சாக்கில் தொடங்கிய சண்டை பெரும்பான்மை ஓட்டு பற்றியது என்பதும் அன்றைக்குத்தான் எல்லோருக்கும் விளங்கியது.

ஆனால் இந்தக் காலி நாற்காலிக்கு இன்னொரு பக்கம் உண்டு. பிரான்ஸ் முழுவதுமாக வெளியேறிவிடவில்லை. பிரதிநிதி போனார், அவருக்கு அடுத்த நிலை அதிகாரி பிரஸ்ஸல்ஸிலேயே இருந்தார். அவசரக் கோப்புகளுக்குக் கூட்டத்துக்கு வராமல் கடிதம் மூலம் சம்மதம் வந்தது. மார்ஜொலான் ஆணையத்தில் தன் வேலையைத் தொடர்ந்தார். 1966 ஜனவரி 1 அன்று செய்ய வேண்டிய சுங்கக் குறைப்பை பிரான்ஸ் ஒழுங்காகச் செய்தது. கூட்டுக் குடும்பத்தில் கோபித்துக்கொண்டு கூடத்துக்கு வராதவர், சாப்பாட்டை மட்டும் அறைக்கு வரவழைத்துக்கொள்வதில்லையா? அந்தக் கதைதான்.

ஏன் முழுதாக வெளியேறவில்லை? வெளியேறினால் கோதுமையை யார் வாங்குவது?

இதை டி கோலுக்கு நினைவூட்டியவர்கள் பிரஸ்ஸல்ஸ்காரர்கள் அல்ல, பிரெஞ்சு விவசாயிகள்தான். தேர்தல் நெருங்கியபோது நாட்டின் மிகப் பெரிய விவசாயிகள் சங்கம், டி கோலுக்கு ஓட்டுப் போட வேண்டாம் என்று தன் உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டது. ஜனாதிபதியை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் முறையை 1962இல் பொதுவாக்கெடுப்பு நடத்திக் கொண்டுவந்தவரே டி கோல். அந்த முறைப்படி நடந்த முதல் தேர்தல் இது. அவர் பெரிதாகப் பிரசாரம் செய்யவில்லை. தான் யாரென்று பிரான்ஸுக்குத் தெரியாதா என்ற நினைப்பு. டிசம்பர் 5 அன்று எண்ணிப் பார்த்தால் அவருக்கு 44.6 சதவீதம். பாதியைத் தாண்டவில்லை. இடதுசாரி வேட்பாளர் மித்தரானுக்கு சுமார் 32. ஐரோப்பிய ஒற்றுமை என்றே பேசி ஓட்டுக் கேட்ட லெக்கானுவே என்பவருக்கு 15க்கு மேல்.

இரண்டாம் சுற்றுக்குப் போக வேண்டிய நிலை. டி கோலுக்குப் பெருத்த அவமானம். அப்போதுதான் இறங்கிவந்து தொலைக்காட்சியில் நேர்காணல் கொடுத்தார். சிலர் நாற்காலியில் ஆட்டுக்குட்டி மாதிரி குதித்துக்கொண்டு ஐரோப்பா, ஐரோப்பா என்று கத்துகிறார்கள், அதனால் ஒன்றும் ஆகாது என்று அவர் கிண்டல் செய்த பேச்சு அந்த நேர்காணலில் வந்ததுதான். டிசம்பர் 19 அன்று 55 சதவீதம் பெற்று ஜெயித்தார். ஜெயித்தாலும் சேதி காதில் விழுந்துவிட்டது.

மற்ற ஐந்து நாடுகளும் இந்த மாதங்களில் ஒன்றாக நின்றன. டி கோல் எதிர்பார்க்காதது இது என்று நினைக்கிறேன். ஒப்பந்தத்தை மாற்ற மாட்டோம், ஆனால் ஆணையத்தை வைத்துக்கொள்ளாமல் நாம் ஆறு பேர் மட்டும் உட்கார்ந்து பேசலாம் என்று அக்டோபரில் அழைப்பு அனுப்பினார்கள்.

அப்படியே 1966 ஜனவரியில் கூடினார்கள். இடம் லக்ஸம்பர்க். தலைமை அந்நாட்டுப் பிரதமர் பியர் வெர்னர். ஓட்டுக்கணக்கில் மதிப்பே இல்லாத நாடு, சண்டையைத் தீர்த்துவைக்கும் இடத்தில்! ஹால்ஸ்டைனுக்கு அழைப்பு இல்லை. அவருடைய அதிகாரத்தைப் பற்றிய பேச்சில் அவருக்கு இடமில்லை.

ஜனவரி 28, 29 தேதிகளில் நடந்த இரண்டாவது கூட்டத்தில் ஒரு உடன்பாடு வந்தது. ‘லக்ஸம்பர்க் சமரசம்’ என்பார்கள். அதன் சாரம்: ஒரு நாட்டின் மிக முக்கியமான நலன் சம்பந்தப்பட்டிருந்தால், பெரும்பான்மை ஓட்டுக்கு விடக்கூடிய விஷயமானாலும், நியாயமான கால அளவுக்குள் எல்லோரும் ஏற்கும் தீர்வு காண முயல வேண்டும். அப்படியான விஷயத்தில் ஒருமித்த முடிவு வரும்வரை பேசிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது பிரான்ஸின் கருத்து. முயன்றும் முடியாவிட்டால் என்ன செய்வது என்பதில் ஆறு நாடுகளுக்கும் கருத்து வேறுபாடு இருக்கிறது என்பதைக் குறித்துக்கொள்கிறோம். இந்த வேறுபாடு வேலையை மறுபடி தொடங்கத் தடையில்லை.

இரண்டு முறை படித்துப் பாருங்கள். பஞ்சாயத்தில் இப்படி ஒரு தீர்ப்பு எழுதினால் சிரிப்பார்கள். முடிவு ஏற்படவில்லை என்பதையே முடிவாக எழுதி வைத்திருக்கிறார்கள். ஒப்பந்தத்தில் ஒரு சொல்லும் மாறவில்லை. பெரும்பான்மை ஓட்டு என்ற விதி அப்படியே இருக்கிறது. ஆனால் நடைமுறையில், ‘இது எங்களுக்கு மிக முக்கியம்’ என்று ஒரு நாடு சொல்லிவிட்டால் ஓட்டெடுப்பு நடக்காது. அடுத்த பதினைந்து வருடத்துக்கு மேல் இதுதான் வழக்கமாக இருந்தது. சட்டம் ஒரு பக்கம், வழக்கம் இன்னொரு பக்கம்.

பிரான்ஸ் திரும்பி வந்தது. மே மாதத்தில் விவசாய நிதி ஏற்பாடும் முடிந்தது. டி கோலுக்குத் தடுக்கும் அதிகாரமும் கிடைத்தது, பணமும் கிடைத்தது. ஹால்ஸ்டைன் பதவி போயிற்று. மூன்று ஐரோப்பிய அமைப்புகளின் நிர்வாகங்களை ஒன்றாக்கியபோது, அவரை ஆறே மாதம் மட்டும் தலைவராக வைத்திருக்கலாம் என்று பாரிஸும் பானும் பேசி முடித்தன. அவர் மறுத்து 1967இல் விலகிக்கொண்டார். அவரைக் காப்பாற்ற ஜெர்மனியே பெரிதாகப் போராடவில்லை. ஒன்பது வருடம் ஐரோப்பா முழுவதற்கும் பேசியவருக்காகத் தெருவில் இறங்க எந்த ஊரிலும் ஆள் இல்லை. டி கோலைப் பயமுறுத்த ஒரு விவசாயிகள் சங்கம் போதுமாக இருந்தது. மக்களிடம் ஓட்டு வாங்கியவருக்கு அதுவே பலம், அதுவே கடிவாளம். ஹால்ஸ்டைனிடம் இரண்டும் கிடையாது.

டி கோல் ஜெயித்தார் என்று எழுதி முடிக்கிறவர்கள், அதே வருடங்களில் லக்ஸம்பர்க்கில் இருந்த ஐரோப்பிய நீதிமன்றத்தைக் கவனிப்பதில்லை. இத்தாலி மின்சாரத்தை நாட்டுடைமை ஆக்கியபோது, மிலான் நகரத்தில் கோஸ்டா என்ற வழக்கறிஞர் 1,925 லிரா மின்கட்டணத்தைக் கட்ட மறுத்து வழக்குப் போட்டார். மிகச் சிறிய தொகை. அந்த வழக்கில் 1964 ஜூலை 15 அன்று வந்த தீர்ப்பு, உறுப்பு நாடு பின்னால் எந்தச் சட்டம் போட்டாலும் ஐரோப்பியச் சமூகத்தின் சட்டமே மேலானது என்றது. சிவப்புக் கம்பளத்துக்குக் கோபப்பட்ட பாரிஸ், இந்தத் தீர்ப்பைப் பற்றி அப்போது பெரிதாகச் சண்டை போடவில்லை. ஆணையம் அடங்கிப்போன காலத்திலும் நீதிமன்றம் தன் போக்கில் போய்க்கொண்டிருந்தது. என் வங்கி நண்பர் கேட்டாரே, அவர்கள் ஏன் கேட்டுக்கொள்கிறார்கள் என்று, அதற்குப் பாதிப் பதில் இந்த மின்கட்டண வழக்கில் இருக்கிறது. மீதிப் பதில் கோதுமையில்.

பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். 1969 ஏப்ரலில் ஒரு பொதுவாக்கெடுப்பில் தோற்று டி கோல் பதவி விலகினார். சரியாக ஒரு வருடம். 1970 ஏப்ரலில் அதே ஆறு நாடுகள், சுங்க வரியும் விவசாயத் தீர்வையும் நேரே பிரஸ்ஸல்ஸுக்குச் சேரும் என்று ஒப்புக்கொண்டன. ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு வரவுசெலவில் கொஞ்சம் அதிகாரமும் கொடுத்தன. ஹால்ஸ்டைன் கட்டிய அதே மூட்டை, மெதுவாக, பிரிட்டன் சேர்வதற்கான பேச்சோடு சேர்த்து அவிழ்க்கப்பட்டது. 1979 ஜூனில் ஐரோப்பிய நாடாளுமன்றத்துக்கு மக்களே நேரடியாக ஓட்டுப் போட்டார்கள். டி கோல் சுட்டிக்காட்டிய ஓட்டையை அடைக்கத்தான் அது. அவர் கேட்ட கேள்விக்குப் பதில் கொடுத்தவர்கள் அவரை எதிர்த்தவர்கள் என்பதை நான் ரசிப்பேன்.

லக்ஸம்பர்க் சமரசத்துக்கு 1982இல் ஒரு சோதனை வந்தது. பிரிட்டன் அப்போது உறுப்பினர். பிரதமர் மார்கரெட் தாட்சர். நாங்கள் கட்டும் பணம் அதிகம், அதைக் குறைக்காவிட்டால் இந்த வருட விவசாய விலைகளுக்குச் சம்மதிக்க மாட்டோம், இது எங்கள் முக்கிய நலன் என்று பிரிட்டன் தடுத்தது. அதே நேரம் ஃபாக்லாந்து தீவுகளுக்காக அர்ஜென்டினாவுடன் போர் நடந்துகொண்டிருந்தது. மே 18 அன்று பிரஸ்ஸல்ஸில் விவசாய அமைச்சர்கள் கூடினார்கள். பிரிட்டன் ‘முக்கிய நலன்’ என்றது. மற்றவர்கள், உங்கள் சண்டை பணத்தைப் பற்றியது, விலையில் உங்களுக்கு ஆட்சேபணை இல்லையே என்று சொல்லி ஓட்டெடுப்பு நடத்தினார்கள். டென்மார்க்கும் கிரீஸும் கொள்கை அளவில் பிரிட்டன் பக்கம் நின்று ஓட்டுப் போடாமல் இருந்தன. விலைகள் பெரும்பான்மையில் நிறைவேறின.

பெரும்பான்மை பக்கம் கை தூக்கியவர்களில் பிரான்ஸும் உண்டு. அப்போது பிரான்ஸ் ஜனாதிபதி, 1965 டிசம்பரில் டி கோலிடம் தோற்ற அதே மித்தரான். ஹால்ஸ்டைன் இதைப் பார்க்க இருக்கவில்லை. அந்த வருடம் மார்ச் 29 அன்று ஸ்டுட்கார்ட்டில் காலமாகிவிட்டார்.